அறுபத்தோராவது யூனிற்றும் என்ரை அருமை மருமோனும்

மருமோன், கொஞ்சம் இரும். கரண்ட் பில்லைக் கையிலை பிடிச்சுக்கொண்டு வளவுக்குள்ளை அங்கையும் இஞ்சையும் நடந்தால் பில் குறையாது, செருப்புத்தான் தேயும். கதிரையை இழுத்து வேம்புக்குக் கீழை போடும். பானைப் போடச் சொல்லி மட்டும் கேக்காதையும். சோழகம் சும்மா அடிக்குது, அதுக்கு மீற்றர் இல்லை.

நான் இந்த வீட்டிலை பில் கட்டுற ஆள் இல்லை. மோள் வீட்டிலை திண்டுபோட்டுச் சாய்மனைக் கதிரையிலை கிடக்கிற கிழவன். அதாலைதான் எனக்கு எல்லாம் தெளிவாத் தெரியுது. காசு கட்டுறவனுக்குக் கோவம் வரும், கோவம் வந்தவனுக்குக் கணக்கு வராது. பில் வந்த உடனை நீர் என்ன செய்தனீர்? பேத்தி படிச்சுக்கொண்டிருந்த லைற்றை நூத்தீர். அது ஒன்பது வாற் பல்ப். நூறு மணித்தியாலம் எரிஞ்சாலும் முழுசா ஒரு யூனிற் வராது. அதே நேரம் குசினிக்குள்ளை ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்குக் கேத்தில் நிறைய ஒன்றரை லீற்றர் தண்ணி கொதிச்சது. அதை நீர் காணேல்லை. ஏனெண்டால் அந்தத் தேத்தண்ணி உமக்கு.

பில்லை இஞ்சாலை தாரும். கண்ணாடி தேவையில்லை, பெரிய எண்ணாத்தான் கிடக்கு. 124 யூனிற். 3,704 ரூபாய், வரி வேறை. ராசா வீட்டுப் பில்லப்பா இது.

இனி 2025 ஜூன் மாசம் வந்த கட்டணத்தை வைச்சுச் சொல்லுறன், காதைக் குடும். மாசம் 60 யூனிற்றுக்குள்ளை நிக்கிற வீட்டுக்கு முதல் 30 யூனிற்றும் ஒண்டு 4 ரூபாய் 50 சதம். அடுத்த 30 உம் ஒண்டு 8 ரூபாய். நிலையான கட்டணம் 210. கூட்டிப் பாரும், 585 ரூபாய். 61 ஆவது யூனிற் ஓடினால் என்ன நடக்கும்? அந்த ஒரு யூனிற்றுக்கு 18 ரூபாய் 50 சதம் எண்டுதானே நினைக்கிறீர்? அங்கைதான் பிழைக்கிறீர். முதல் ஓடின அறுபதும் திரும்ப விலை ஏறும், ஒண்டு 12 ரூபாய் 75 சதம். நிலையான கட்டணமும் 400 ஆகும். இப்ப கூட்டும். 1,183 ரூபாய் 50 சதம். ஒரு யூனிற்றாலை பில் இரட்டிச்சுப் போச்சு.

சின்னனிலை கிளித்தட்டு விளையாடினனீர்தானே? ஒருத்தன் கோட்டிலை அடி வாங்கினால் அவன் மட்டுமோ வெளியிலை போறவன்? முழுக் கட்சியும் வெளியிலை. இந்தக் கணக்கும் அதுதான். அறுபத்தோராவது ஆள் அடி வாங்கினால், முதல் ஒழுங்காப் போன அறுபது பேரும் சேர்ந்து போவினம்.

கோடு ஒண்டோடை முடியேல்லை. 90 தாண்டினால் நிலையான கட்டணம் 1,000, யூனிற் 24 ரூபாய். 120 தாண்டினால் 1,500, யூனிற் 41 ரூபாய். 180 தாண்டினால் 2,100, யூனிற் 61 ரூபாய். நீர் 120 ஐத் தாண்டி நாலே நாலு யூனிற் போயிருக்கிறீர். 120 இலை நிண்டிருந்தால் 3,040 ரூபாய். அந்த நாலு யூனிற்றுக்கு 664 ரூபாய் குடுத்திருக்கிறீர். ஒரு யூனிற் 166 ரூபாய்ப்படி கரண்ட் வாங்கிற ஆளை இந்தத் தீவிலை நான் இப்பதான் பாக்கிறன்.

அதாலைதான் சொல்லுறன், “அஞ்சு யூனிற் மிச்சம் பிடிச்சு என்ன வரப்போகுது மாமா” எண்டு என்னட்டைக் கேக்காதையும். எங்கை நிண்டுகொண்டு கேக்கிறீர் எண்டதைப் பொறுத்தது அது. 85 இலை நிக்கிறவனுக்கு அஞ்சு யூனிற் 92 ரூபாய் 50 சதம். 64 இலை நிக்கிறவனுக்கு அதே அஞ்சு யூனிற் 662 ரூபாய். அவன் அந்த மாசம் அயன் பண்ணாத சட்டையோடை திரிஞ்சாலும் லாபம்.

அரசாங்கத்தைத் திட்டுறதெண்டால் திட்டும், நான் மறிக்கேல்லை. 2022 ஓகஸ்டிலை 75 வீதம் ஏத்தினவை. 2023 பெப்ரவரியிலை இன்னும் 66 வீதம். பேந்து இறக்கினவை. 2025 ஜனவரியிலை 20 வீதம் குறைஞ்சது, ஜூனிலை 15 வீதம் கூடினது. அவை ஏத்துவினம், இறக்குவினம், அது அவையின்ரை தொழில். சந்தியிலை நிண்டு நீர் எவ்வளவு திட்டினாலும், வீட்டிலை உம்மடை பிறிஜ் அதைக் கேட்டு ஓடாமல் விடாது.

முதல் வேலை மீற்றரைப் பாக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் காலமை எழும்பின உடனை போய் எண்ணைப் பாத்துக் கலண்டரிலை எழும். பஞ்சாங்கத்திலை ராகுகாலம் பாக்கிறீர்தானே, அதுக்குப் பக்கத்திலை எழும். கிழமைக்கு 14 யூனிற் எண்டால் மாசம் அறுபது. 21 எண்டால் தொண்ணூறு. மாசக் கடைசியிலை பில்லைப் பாத்து நெஞ்சைப் பிடிக்கிறதை விட, ரெண்டாம் கிழமையே தெரிஞ்சால் ஏதும் செய்யலாம். “மீற்றர் பாக்கிறவர் பிந்தி வந்திட்டார், அதுதான் கூடிப்போச்சு” எண்டு மோளுக்குக் கதை விடாதையும். எத்தினை நாள் பில் எண்டு பாத்து அதுக்கேத்த கணக்கிலைதான் கோடும் தள்ளிப் போகும். அந்த மனிசனிலை பழியைப் போடாதையும்.

சரி, இனி வீட்டுக்குள்ளை வருவம். யூனிற் எண்டால் என்ன? ஆயிரம் வாற் சாமான் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு யூனிற். இவ்வளவுதான் படிப்பு. இதை வைச்சு வீட்டைச் சுத்திப் பாரும்.

கேத்தில். ஒன்றரை லீற்றரை ஒருக்காக் கொதிக்க வைக்க ஒரு யூனிற்றிலை எட்டிலொண்டு போகும். நாளைக்கு நாலு தரம் எண்டால் அரை யூனிற், மாசம் 15. தேவையான அளவு மட்டும் ஊத்திக் கொதிக்க வைச்சு, மிச்சத்தைச் சுடுதண்ணிப் போத்திலிலை விட்டு வைச்சால் அதிலை 10 யூனிற் மிச்சம். இல்லாட்டி வளவுக்குள்ளை கிடக்கிற பனம்மட்டையையும் பன்னாடையையும் அடுப்பிலை வையும். அதுவள் தாங்களா விழுகுதுகள், ஆரும் பில் அனுப்பிறேல்லை.

கேற்றடிப் பல்ப். உம்மடை பெருமையின்ரை சின்னம் அது. 60 வாற் குண்டு பல்ப் விடிய விடிய பத்து மணித்தியாலம் எரியுது. மாசம் 18 யூனிற். ஆருக்கு வெளிச்சம் காட்டுறீர்? அல்லைப்பிட்டிப் பக்கம் போற மாடுகளுக்கோ? ஒன்பது வாற் எல்.ஈ.டி போட்டால் அதே வெளிச்சம் 2.7 யூனிற்றோடை முடிஞ்சிடும். 15 யூனிற்றுக்கு மேலை மிச்சம். மாடுகளும் ஒண்டும் சொல்லாதுகள்.

பான். பழைய சீலிங் பான் ஒண்டு 75 வாற் கிட்ட இழுக்கும். எட்டு மணித்தியாலம் சுத்தினால் மாசம் 18 யூனிற். உங்களிட்டை ரெண்டு, 36. இப்ப புதுசா வாற, மோட்டர் மாத்தின பானுகள் 30 வாற்றோடை சுத்துதுகள். ரெண்டும் சேர்ந்து 14.4. விலை கூடத்தான். ஒரேயடியா ரெண்டையும் மாத்த ஏலாட்டி கூடச் சுத்திறதை முதல் மாத்தும். இன்னொண்டும் சொல்லுறன், ஒருத்தருக்கும் சொல்லாதையும்: ஆள் இல்லாத அறையிலை பான் சுத்தினால் அறை குளிராது. பான் காத்தை ஆளிலை படவைக்குதே ஒழிய சூட்டைக் குறைக்கேல்லை. நீர் கடைக்குப் போகேக்கை “வரேக்கை குளிரா இருக்கட்டும்” எண்டு போட்டுட்டுப் போறீர். கதிரைக்கும் மேசைக்கும்தான் காத்து வாங்கிக் குடுக்கிறீர். நுளம்புக்குத்தான் பான் எண்டால் வலையைக் கட்டும். வலை கரண்ட் குடிக்காது.

தண்ணி மோட்டர். அரைக் குதிரைவலு, ஏறக்குறைய அரை யூனிற் ஒரு மணித்தியாலத்துக்கு. தாங்கி நிறைய இருவது நிமிசம் காணும். நீர் போட்டுட்டு ரெலிபோனிலை கதைப்பீர். தாங்கி நிறைஞ்சு, சுவரால வழிஞ்சு, முருங்கைக்குப் பாய்ஞ்சு, முருங்கையே காணும் எண்டு சொன்னாப் பிறகுதான் நிப்பாட்டுவீர். நாப்பது நிமிசம். மாசம் 5 யூனிற் முருங்கைக்குப் போகுது. தாங்கிக்குள்ளை ஒரு மிதவைச் சுவிச்சுப் போடும். கிணத்துக்குள்ளை இருக்கிற பூட்வால்வும் ஒழுகுதோ எண்டு பாரும். அது ஒழுகினால் ஒவ்வொரு தரமும் மோட்டர் கன நேரம் வெறுங்காத்தை இழுத்துப்போட்டுத்தான் தண்ணியை இழுக்கும்.

வைபை றவுட்டர். பத்து வாற்தானே எண்டு பாக்கிறீர். பத்து வாற் இருவத்திநாலு மணித்தியாலமும் முப்பது நாளும் ஓடினால் 7.2 யூனிற். ராவிலை எட்டு மணித்தியாலம் நிப்பாட்டினால் 2.4 மிச்சம். பெடியளும் நித்திரை கொள்ளுங்கள். இந்த ஒரு சிக்கனத்துக்குத்தான் மோளும் பெடியளும் சேர்ந்து எதிர்ப்பினம். ராவிலை ஆளாளுக்கு ஒரு போன், அதுக்கு ஒரு வைபை. நான் உம்மடை பக்கம் நிக்கிறன், ஆனால் வெளியிலை சொல்லமாட்டன்.

இனி பிறிஜ். சொல்லவே வெக்கமாக் கிடக்கு. நாங்கள் இருக்கிறது மண்டைதீவிலை. நாலு பக்கமும் கடல். விடிய வள்ளம் வந்தால் துடிக்கத் துடிக்க மீன் வாங்கலாம். ஆனால் எங்கடை மீன் கடலிலை இருந்ததை விடக் கூட நாள் உம்மடை பிறிஜ்ஜுக்குள்ளை கிடக்குது. மேல் தட்டைத் திறந்து பாத்தன். ஐஸ் சுவர் கட்டியிருக்கு. அதுக்குள்ளை ஒரு பாரைத் தலை எட்டிப் பாக்குது, எந்த வருசத்துப் பாரையோ தெரியாது. அந்த ஐஸ் கூடக் கூட மெசின் கூட நேரம் ஓடும். நிப்பாட்டி, கரைய விட்டுத் துடையும். கத்தியாலை குத்தாதையும், குத்தினால் பிறிஜ்ஜே புதுசா வாங்க வேண்டி வரும். பேந்து கதவு றப்பருக்குள்ளை ஒரு ரூபாய்த் தாளை வைச்சுச் சாத்தி இழுத்துப் பாரும். சுகமா வந்தால் குளிரும் அதாலை சுகமாப் போகுது எண்டு அர்த்தம். சுவரோடை ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வையும். பின்பக்கக் கம்பியிலை தூசி தட்டும், எங்கடை உப்புக்காத்துக்கு அது கறளும் பிடிக்கும். சுடச் சுடக் குழம்புச் சட்டியை உள்ளை வைக்காதையும்.

அயன் பொக்ஸ் ஆயிரம் வாற். நாளாந்தம் ஒரு சட்டைக்குச் சூடாக்கிறதை விட, ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாப் பெடியளின்ரை வெள்ளைச் சட்டையளையும் அடிச்சு அடுக்கும். மீற்றரைப் பாத்த கையோடை செய்தால் கோவத்திலை கெதியா முடியும்.

அடுத்தது ஏசி. இதை நான் மெல்லமாச் சொல்லவேணும், ஏனெண்டால் அதைப் பூட்டினது என்ரை மோன். உம்மடை மச்சான். ஸ்காபரோவிலை அவன் வருசத்திலை பாதி காசு குடுத்துச் சூடு வாங்குறான். ஓகஸ்ட் லீவுக்கு இஞ்சை வந்து காசு குடுத்துக் குளிர் வாங்குறான். சரி, அவன்ரை காசெண்டால் பறவாயில்லை. அவன் வாங்கினது பெட்டியை, குளிரை வாங்கினது நீர். மணித்தியாலத்துக்கு ஒரு யூனிற் எண்டு வையும். ராவிலை எட்டு மணித்தியாலம், இருவது ராவு. 160 யூனிற். உம்மடை 124 ஓடை சேர்த்தால் 284. பில் 12,944 ரூபாய். அவன் எயார்போட்டிலை கட்டிப்பிடிச்சு அழுதவன். நீர் பில் வந்த அண்டைக்கு அழுதீர். அடுத்த முறை வரேக்கை 26 பாகையிலை வைக்கச் சொல்லும், கதவையும் யன்னலையும் சாத்தச் சொல்லும், பானை மெதுவாச் சுத்தவிடச் சொல்லும். அதை விட, முத்தத்திலை கட்டிலைப் போட்டு வலையைக் கட்டிக் குடும். ஊருக்கு வந்தது ஊர்க் காத்துக்குத்தானே எண்டு சொல்லும். படம் எடுத்து முகநூலிலை போட அவனுக்கும் அது வாய்ப்பு.

இன்னும் கொஞ்சம் விசர்க் கதையள் ஊரிலை உலாவுது. ராவு பத்தரைக்குப் பிறகு உடுப்புத் தோய்க்கிற மெசினைப் போட்டால் மலிவாம். சாதாரண வீட்டுக் கட்டணத்திலை மத்தியானமும் நடுச்சாமமும் ஒரே விலைதான். நேரம் பாத்து விலை போடுறது வேறை கட்டணம், அதைக் கேட்டு எடுத்தவைக்குத்தான். ஆனால் பின்னேரம் ஆறரை தொடக்கம் பத்தரை வரை முழு நாடும் ஒரே நேரத்திலை சுவிச்சுப் போடுது. அந்த நேரம் பாரம் குறைச்சால் நாட்டுக்கு உதவி. நாட்டுக்கு உதவி செய்யிறதெண்டால் செய்யும், உம்மடை பில்லிலை குறையும் எண்டு மட்டும் சொல்லிச் செய்யாதையும்.

எல்லாற்றை மீற்றரும் ஒரே நேரத்திலை நிண்டது 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறையிலை உபமின்நிலையத்துக்குள்ளை ஒரு குரங்கு பூந்து முழு இலங்கையும் இருண்டு போச்சு எண்டு மந்திரியே சொன்னவர். ஒரு சதமும் வாங்காமல் நாட்டுக்கே பில் குறைச்சுக் குடுத்த சீவன் அது ஒண்டுதான்.

சோலர் போடப் போறன் எண்டு நீர் கொஞ்ச நாளாய்க் கதைக்கிறீர். நல்ல சாமான்தான், எங்கடை வெயிலுக்கு என்ன குறை? அந்தா நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூண்டுக்கும் கரண்ட் மெசின் ஓட்டித்தான் வந்தது. அதுக்கு வெயிலும் காத்தும் சேர்த்து மின்சாரம் எடுக்கிற திட்டத்தை முதல் ஒரு சீனக் கொம்பனிக்குக் குடுத்தவை. இந்தியா முகம் சுழிச்சது. பேந்து இந்தியாவே ஒரு கோடியே பத்து லட்சம் டொலர் நன்கொடையாத் தாறன் எண்டு 2024 மார்ச்சிலை ஒப்பந்தம் வைச்சினம். நெடுந்தீவுக் காத்துக்குப் பெரிய பெரிய தேசமெல்லாம் போட்டி போட்டது. உம்மடை கூரைக்கு ஒருத்தரும் போட்டி போடமாட்டினம், கடன்காரன்தான் வருவான். 60 யூனிற்றிலை நிண்டால் வாற 585 ரூபாய்ப் பில்லுக்கு லட்சக்கணக்கிலை கடன் எடுத்துச் சோலர் போட்டால், பேரப்பிள்ளையள்தான் லாபம் காணுவினம். 2025 சித்திரை வருசப்பிறப்புக்கு, பாவனை குறைவு எண்டு, கூரைச் சோலர்களைப் பகலிலை நிப்பாட்டச் சொல்லியும் கேட்டவை. அதாலை முதல் வீட்டைச் சிக்கனமாக்கும். அதுக்குப் பிறகும் 180 ஐத் தாண்டுதெண்டால் கூரையைப் பாரும்.

ஒரு காசில்லாச் சோதனை. எல்லாச் சுவிச்சையும் நிப்பாட்டி, பிளக்குகளையும் கழட்டிப்போட்டு மீற்றரைப் பாரும். அதுக்குப் பிறகும் சிவப்புப் பொட்டு மினுங்கினால், எங்கையோ கரண்ட் ஒழுகுது. உப்புக்காத்து ஊரிலை பழைய வயறிங் அப்பிடித்தான். அதை நீர் குத்தி நோண்டாதையும், வேலை தெரிஞ்ச ஆளைக் கூப்பிடும். பில்லை விட மோளுக்குப் புருசன் முக்கியம். கொஞ்சம்.

பழைய காலத்துக்குத் திரும்பிப் போகச் சொல்லி நான் சொல்லேல்லை. 1990 இலை ஊரை விட்டு வெளிக்கிட்டு, கரண்டும் இல்லாமல் மண்ணெண்ணெயும் இல்லாமல் குடாநாட்டுக்குள்ளை அலைஞ்சனாங்கள். ஜாம் போத்திலுக்குள்ளை துளி எண்ணெய் விட்டு ஒரு திரி, அதுக்குப் பேர் சிக்கன விளக்கு. அதைச் சுத்தி இருந்து பெடியள் சோதினைக்குப் படிச்சினம். சைக்கிளைக் கவிட்டு வைச்சுக் காலாலை மிதிச்சு டைனமோவிலை றேடியோ கேட்டனாங்கள். செய்தி கேக்கிறதெண்டால் கால் நோகும், அதாலை தேவையான செய்தி மட்டும் கேட்டம். அந்தக் கஷ்டம் உங்களுக்கு வேண்டாம். அந்தக் கணக்கு மட்டும் வேணும்.

இப்ப எல்லாத்தையும் கூட்டுவம். பானிலை 21, கேற்றடியிலை 15, கேத்திலிலை 10, மோட்டரிலை 5, றவுட்டரிலை 2. 124 எண்டது 70 க்குக் கிட்ட வரும். பில் 1,350. சோழகம் அடிக்கிற மாசங்களிலை யன்னலைத் திறந்து ஒரு பானை நிப்பாட்டினால் இன்னும் 7. மிச்சம் மூண்டை பிறிஜ்ஜும் அயனும் தரும். 60. பில் 585. மாசம் மூவாயிரத்துக்கு மேலை மிச்சம். இங்கை 2025 செப்டெம்பரிலை ஜனாதிபதி வந்து அடிக்கல் வைச்ச கிரிக்கெற் மைதானம் எழும்பினால், அந்தக் காசிலை நீங்கள் குடும்பமாப் போய் மச் பாக்கலாம். என்னையும் கூட்டிக்கொண்டு போகவேணும்.

ஆள் கூடின வீடு, 60 இலை நிக்க ஏலாதெண்டால், 90 இலை நில்லும். 90 எண்டால் 1,720 ரூபாய், 91 எண்டால் 2,344. எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டு இருட்டிலை இருக்கிறவன் சிக்கனக்காரன் இல்லை. எந்தக் கோட்டுக்குக் கிட்ட நிக்கிறீர் எண்டு முதல் பாரும், பேந்து சுவிச்சிலை கை வையும்.